ஒட்டிய பெட்டியைப் பிரித்தது யார்?

எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்புதான். எழுத்தும் கோணல், ஞாபகமும் சரியில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் செல்போன் வழியாகப் பீங்கான் பொம்மை விற்கும் கம்பெனி ஒன்றில், நானும் மங்கலம்பேட்டை மும்தாஜும் பொம்மைகளைப் பெட்டியில் கட்டுகிறோம். முதலாளியை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்; அவர் முன்பு சென்னையில் நடத்திய கம்பெனி மூடிப்போனது. “யாரையும் நம்பாம எல்லார் வேலையையும் நோண்டுனேன், ஆளுங்க ஓடிட்டாங்க” என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இங்கேயும் பொம்மைகள் உடைந்துபோய்ச் சேர்வதாகப் புகார் வந்தது. தம்பி கேமரா மாட்டினார். ஒருநாள், “மும்தாஜ் அக்கா, நீங்க கட்டுற பெட்டிதான் உடையுது. நாளையிலேருந்து வராதீங்க” என்றார்.

எனக்கும் அவள்மேல்தான் சந்தேகம். பேசிக்கொண்டே கட்டுகிறவள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“கேமராவப் பாத்துட்டு அனுப்புங்க தம்பி” என்றாள் மும்தாஜ்.

செல்போனில் ஓட்டிக் காட்டினார். மும்தாஜ் வைக்கோலை நன்றாகத் திணித்துப் பெட்டியை ஒட்டினாள். நாங்கள் போனபின் தம்பி வந்தார். பெட்டியைப் பிரித்து, பொம்மைகளைத் தூக்கிப் பார்த்து, பாதி வைக்கோலைத் தரையிலேயே விட்டுத் திரும்ப ஒட்டினார்.

“பேசிக்கிட்டே கட்டுறீங்களே, உங்க பெட்டிய மட்டும் சரியா கட்டியிருக்கான்னு பாத்தேங்க்கா” என்றார் தம்பி.

“தெனமுமா?” என்றாள் மும்தாஜ்.

“தெனமும்தான்.”

“அப்ப நாளைக்கு யாரு வரக்கூடாது?”

“நீங்க வாங்கக்கா. இனிமே பிரிக்க மாட்டேன்.”

பிறகு பொம்மைகள் உடையவில்லை. ஆனாலும் ஒட்டிய பெட்டிப் பக்கம் அவர் கை போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். நான் சந்தேகப்பட்டது மும்தாஜுக்குத் தெரியாது. ஆனால் மற்றதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஏதாவது தப்பாக எழுதியிருந்தால், இதை அவளிடமே படித்துக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.