மைதானத்தில் ஒரு மலைக்குதிரை

கொல்கத்தா மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட லாயத்தில் நிற்கிறேன். உறவினர் கல்யாணத்துக்கு வந்த இடத்தில், நான் கால்நடை மருத்துவர் என்று தெரிந்ததும், அங்கே வந்திருந்த வசந்தி கையோடு அழைத்து வந்துவிட்டார். இந்த ஊரின் லேக் கார்டன்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர். கைவிடப்பட்ட குதிரைகளைப் பராமரிக்கிறார்.

டார்ஜிலிங் பக்கத்துக் குட்டைக் குதிரை ஒன்று முன்கால்களை நீட்டி, பின்னால் சாய்ந்து நிற்கிறது. ஓரடிகூட நகர மறுக்கிறது.

"இனிமே தேறாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, டாக்டர்."

குளம்பைத் தொடுகிறேன், சுடுகிறது. பிடரி கொழுத்துக் கெட்டியாக இருக்கிறது.

"என்ன தீனி போடறீங்க?"

"கொண்டைக்கடலை, வெல்லம், பச்சைப் புல்லு. வந்தப்போ எலும்பும் தோலுமா இருந்தது, பாவம், பேச்சாரா."

"மலையில காஞ்ச புல்லைத் தின்னு வாழ்ற இனம் இது. குளிரைத் தாங்கும், பசியைத் தாங்கும். சத்தான தீனியைத்தான் தாங்காது. குளம்புக்குள்ள வீங்கிடும். இதுங்களுக்கு அடிக்கடி வர்றதுதான். தேத்திடலாம்."

"அப்போ நான்தான் கெடுத்தேனா?" என்கிறார். பதிலுக்குக் காத்திராமல் மீன்கடைக்கு போன் செய்து ஐஸ் வரவழைக்கிறார். முன்கால்களைச் சுற்றி ஐஸ் கட்டி, தரையில் மணல் பரப்புகிறோம்.

வெயில் சாயும்போது குதிரை மெல்ல முன்கால்களில் பாரத்தை இறக்குகிறது. வசந்தி அதன் கழுத்தில் முகம் புதைத்து வங்காளத்தில் ஏதோ சொல்கிறார். எனக்குப் புரியவில்லை. குதிரையின் காது அவர் பக்கம் திரும்புகிறது.