ஒன்பதில் நின்ற முள்

சீ என்று சொல்லாமல் அந்தப் படகுக்குள் நான் ஒரு நாளும் இறங்கியதில்லை. வெளியே வெள்ளைவெளேரென்று பாய்மரப் படகு, உள்ளே ஊத்தை. பசுந்தாங் ஓடையோரம் கட்டிக் கிடந்தது. அங்கிருந்து நாலு கட்டடம் தள்ளி என் பட்டறை. அக்ரிலிக் தகடு வெட்டிப் பெயர்ப்பலகை செய்வேன். புத்தர் சிலைக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி எரியுமே, அந்த விளக்கு வட்டமும் செய்வேன். படகுக்குக் கருவிப் பலகை செய்ய என்னைக் கூப்பிட்டார்கள் என்றால் அது என் அண்ணனால்தான். அந்தப் படகின் சுக்கான் பல வருஷமாக அவர் கையில் இருந்தது.

படகுக்காரர் பர்மியர். அவரை ‘ஸயா’ என்று கூப்பிடுவேன். இந்த ஊரில் காசுள்ளவன் எல்லாம் ஸயாதான். ஆழம், வேகம், காற்று, வரைபடம் எல்லாவற்றையும் ஒன்றாய்க் காட்டும் புதுத் திரை ஒன்று வாங்கியிருந்தார். அதை இணைத்த ஆட்கள் பழைய பலகையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புதுப் பலகை வெட்டி, திரையை அதில் பொருத்தி, ஈரம் புகாமல் அடைக்க வேண்டியது என் பொறுப்பு.

பலகை இருந்த இடத்துக்குள் கையை விட்டேன். கரப்பான் முட்டைக் கூடுகள் கொத்துக் கொத்தாய். எந்தக் காலத்திலோ சுற்றிய கறுப்பு டேப் வெயிலில் உருகி வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டியது. எல்லாவற்றுக்கும் மேலே வெற்றிலை எச்சில். வேலை செய்யும் இடத்திலேயே துப்பியிருக்கிறான் பாவி! அது காய்ந்து, மேலே மறுபடியும் துப்பி, அதுவும் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெயும் பழைய லுங்கித் துணியுமாகத் துடைத்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பலகை தயாரான அன்று ஸயா வந்து பார்த்தார். திரை மட்டும் இருந்தால் மொட்டையாகத் தெரிகிறதாம். பழைய ஆழமானியைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வட்டமாய், பித்தளை விளிம்போடு, முள் வைத்த சாமான். அதன் கம்பியை அந்த ஆட்கள் ஏற்கெனவே அறுத்துவிட்டார்கள்.

“கம்பி இல்லையே ஸயா, முள் ஓடாது,” என்றேன்.

“ஓட வேணாம் அமா.” அக்கா என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். “அழகுக்குத்தான். பூஜ்யத்துல கிடந்தா செத்த மாதிரி இருக்கு, விருந்தாளிங்க படம் எடுப்பாங்க. ஒம்போதுல நிறுத்தி ஒட்டிடுங்க. ஒம்போது ராசியான நம்பர்.”

ஆற்றின் ஆழத்துக்கு ராசி பார்க்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? கண்ணாடியைக் கழற்றி, முள்ளின் அடியில் ஒரு சொட்டுப் பசை வைத்தேன். ஒன்பது மீட்டர். “ரொம்ப அழகு,” என்றார்.

அண்ணனும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். முதுகுப் பிடிப்பினால் அந்த வாரம் முழுக்க அவர் படகுப் பக்கம் போகவில்லை. சாப்பிடும்போது கரப்பான் கதையையும் எச்சில் கதையையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டினேன். அவர் புரையேறச் சிரித்தார். பசைக் கதையை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஞாயிறு மதியம் வெள்ளோட்டம். ஸயாவின் விருந்தாளிகள் ஆறேழு பேர். பலகை கசிந்தால் பார்க்க வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். திரை கீச்சுக்கீச்சென்று கத்துகிறது என்று அதன் சத்தத்தை முதலிலேயே அணைத்துவிட்டார். எஞ்சினில் ஓடையைத் தாண்டி, அது ஆற்றோடு கலக்கும் இடத்துக்கு வந்தோம். அங்கே மணல்திட்டு மாதத்துக்கு ஒரு இடத்தில் இருக்கும். வெயிலில் திரை பளபளத்து ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் அதைப் பார்க்கவும் இல்லை. பழகிய கண், நேரே முள்ளுக்குப் போயிற்று.

“ஒம்போது காட்டுது தங்கச்சி. இங்க எப்பவும் நாலுக்கு மேல இருக்காதே. தூர் வாரிட்டானுங்க போல.”

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஸயா விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் படகின் அடியில் நீளும் கனத்த இரும்பு மணலில் இறங்கியது. நின்ற வேகத்தில் லபெட் என்கிற ஊறவைத்த தேயிலைத் தட்டு பறந்து விருந்தாளி ஒருத்தியின் மடியில் கொட்டியது. ஸயா கத்தினார்: “கிழவா, கண் தெரியாதா? இவ்வளவு பெரிய திரை எதுக்கு வாங்கி வச்சிருக்கேன்? நாளையிலிருந்து வேற ஆள்!”

அண்ணன் ஆழமானியின் கண்ணாடியை விரலால் தட்டினார். முள் அசையவில்லை. மறுபடி தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான்தான் ஒட்டினேன்,” என்று பர்மிய மொழியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். “ஸயா ஒட்டச் சொன்னார்.”

“ஆமா, சொன்னேன்,” என்றார் ஸயா, கூச்சமே இல்லாமல். “உங்க அண்ணன்கிட்டச் சொல்லாதீங்கன்னும் சொன்னேனா?”

அந்த ஆள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நியாயமான பேச்சு அதுதான். எச்சில் துப்பியவனை ஒரு வாரம் திட்டினேன். அவன் துப்பியது துடைத்ததும் போயிற்று.

ஓதத்தில் நீர் ஏறிப் படகைத் தூக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. படகு மிதந்ததும் ஸயா சுக்கானுக்குக் கை நீட்டினார்.

“கரை சேர்ற வரைக்கும் என் வேலை,” என்று அண்ணன் அதை விடவில்லை.

என் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, ஆழமானியைக் கழற்றி என் மடியில் வைத்தார். பலகையில் வட்ட ஓட்டை இளித்தது. பிறகு திரையின் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார். முந்தானையை அதன்மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

“வாசி.”

“ரெண்டு... ரெண்டரை... ரெண்டு...” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“சத்தமா சொல்லு தங்கச்சி,” என்றார் அண்ணன். “இப்பவாவது.”