அம்மா ரேகை வைக்க மறுத்த நாள்

அன்றைய கிராம சபையில் இருந்தவர்கள் பஞ்சாயத்துத் தலைவர், கிளார்க், மேலத் தெருப் பெரியவர்கள் ஒன்பது பேர், கடைசியில் அம்மா, அம்மாவுக்குத் துணையாகக் கீழ வீட்டுச் சித்தி. வராதவர்கள் நூறு பேருக்கு மேல். அவர்களுடைய கைரேகை மட்டும் முதல் நாளே நோட்டில் ஏறியிருந்தது. அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எழுத உட்கார்ந்தால், அந்தக் கூட்டம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அம்மா பிறந்தது சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில். பள்ளிக்கூடம் போனதில்லை. எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனார். மணமாகித் தாயில்பட்டிப் பக்கம் வந்தபின் முப்பது வருடம் வெடிக் கம்பெனி. அப்பாவுக்கு லோடு ஏற்றும் வேலை. அந்தக் கூலியில்தான் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள், என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

தேர்வுக்கு நான் சத்தம் போட்டுப் படிப்பேன். நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் பிரான்சிலிருந்து சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தையும், அமெரிக்காவிலிருந்து உரிமைகளை எழுதிவைக்கும் முறையையும் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு நாள் வாசித்தேன்.

“அம்புட்டு தூரத்துல இருந்து வந்தது, நம்ம தெருவுக்கு வரத்தான் பஸ் கிடைக்கலையாக்கும்” என்றார் அம்மா, கத்தரிக்காய் நறுக்கியபடி. பிறகு அவரே கேட்டார்: “உரிமையச் சர்க்காரு கொடுத்துச்சுன்னா, சர்க்காரே திருப்பி வாங்கிக்கிடலாமாய்யா?”

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் புத்தகம் புத்தகமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். உரிமை மனிதனோடு பிறக்கிறது. அதைக் காக்கத்தான் மனிதர்கள் சேர்ந்து அரசை உண்டாக்கினார்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் அரசுக்கு அதிகாரம் இல்லை. எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

“சம்மதம்னா வாயால சொல்லணுமா, ரேகை போதுமா?”

“என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சு வைக்கணும்மா.”

அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்துவிட்டார். கிளார்க் வீடு வீடாகக் கொண்டுவரும் நோட்டில் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் விரலை அழுத்துவார்கள். ரேஷன் அரிசி நிற்காமல் இருப்பதற்கான நோட்டு என்றே நினைத்திருந்தார்கள். அது கிராம சபையின் வருகையும் தீர்மானமும் பதியும் நோட்டு.

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் கிளார்க் வந்தார்.

“மதினி, ஒரு ரேகை வச்சு விடுங்க. இன்னும் நாப்பது வீடு கிடக்கு.”

“வாசிங்க தம்பி. நான் என்ன சொல்லியிருக்கேன்னு தெரிஞ்சுக்கிடுறேன்.”

“நீங்க எங்க சொன்னீக?”

“வாயத் தொறக்காமலே இவ பேசுனது இன்னைக்குத்தான்யா” என்றார் அப்பா.

நான் வாங்கி வாசித்தேன். பால்வாடிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வெடிக் குடோன் கட்ட ஊராருக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. கட்டப்போவது அம்மா வேலை பார்த்த கம்பெனி. அந்தப் பால்வாடியில்தான் அக்கா மகள் இருந்தாள்.

மறுநாள் அம்மா கூட்டத்துக்குப் போனார்.

“ஏத்தா, குடோன் வந்தா உனக்கும் வேலைதான” என்றார் தலைவர்.

“வேலை எனக்குங்க. புள்ளைக உசுரு அதுகளுக்கு. அத எழுதிக் கொடுக்க நான் யாரு? எனக்குச் சம்மதமில்லைன்னு எழுதிக்கிடுங்க.”

கிளார்க் எழுதினார். அந்த வாரமே முப்பத்திரண்டு பெண்கள், தாங்கள் வைத்த ரேகை சம்மதம் ஆகாது என்று விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். குடோன் ஊருக்கு வெளியே போனது. பால்வாடி அங்கேயே இருக்கிறது.

சிறுநீரகம் பழுதாகி அம்மா படுத்த ஏழு மாதமும் பக்கத்தில் இருந்த சித்திக்கும், மருத்துவமனைக்கு ஆட்டோ ஓட்டிய மாமாவுக்கும், இறுதிவரை உடன் நின்ற அந்த முப்பத்திரண்டு பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கூட்டத்துக்கு மறுநாள், ஆள் போதும் என்று கம்பெனி வாசலிலேயே அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த சீசனில் இழந்ததை அம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாவிடம் கேட்டு எழுதுகிறேன்: நூற்று முப்பது நாள் கூலியும் தீபாவளி போனசும் சேர்த்து அறுபத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.