நீங்க எவ்வளவு குடுத்தீங்க?

'எங்கள் விசுவாசமான பயணிக்கு' என்று தொடங்கும் மின்னஞ்சலை மருந்துக்கடைக்காரர் படிக்காமலே அழித்துவிடுகிறார். நாலைந்து விமான நிறுவனங்கள் அவரை அப்படித்தான் அழைக்கின்றன. ஒன்றுக்கும் அவர் விசுவாசமாக இருந்ததில்லை. எது விலை குறைவோ அதில் ஏறுவார். திரும்பும்போது வேறொன்று குறைவென்றால், வந்த விமானம் பக்கத்திலேயே நின்றாலும் முகம் கொடுக்கமாட்டார்.

இத்தனைக்கும் அவருடைய கடையில் பேரம் கிடையாது. கல்லாவுக்கு மேலே 'ஒரே விலை' என்று சிவப்பில் பலகை. இருமல் மருந்துக்குச் சில்லறை குறைக்கச் சொன்னால், "அட்டையில போட்டிருக்குல்ல, நானா போட்டேன்?" என்பார். சொல்லும்போதே அவருடைய இடது கை மேசைக்குக் கீழே கைபேசியைத் தடவி, பெருநகரத்துக்குக் கட்டணம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

சீட்டு விற்கும் இணையதளத்தை அவர் இயந்திரமாக நினைப்பதில்லை. வருகிறவர் முகத்தைப் பார்த்து விலை சொல்லும் ஜவுளிக்கடை முதலாளியாகவே நினைக்கிறார். ஆகவே, போகவேண்டிய ஊரை முதலில் தேடமாட்டார். சம்பந்தமே இல்லாத ஒரு மலையூருக்கு விலை கேட்பார். அப்புறம் ஏதாவது துறைமுகம். "நமக்கு ஆசை இருக்குன்னு அவனுக்குத் தெரியக் கூடாது சார். தெரிஞ்சா ஏத்திடுவான்." கடைசியில்தான், வந்ததற்கு ஒரு வார்த்தை கேட்டுவைப்பதுபோல, பெருநகரத்தின் பெயரைத் தட்டுவார். விலை தெரிந்ததும் உதட்டைப் பிதுக்குவார். பக்கத்தை மூடுமுன் கொஞ்சம் தாமதிப்பார். படியிறங்கும் வாடிக்கையாளரை முதலாளி "வாங்க, பாத்துப் போட்டுக்கலாம்" என்று திரும்பக் கூப்பிடுவதற்கான அவகாசம் அது. இணையதளம் இதுவரை கூப்பிட்டதில்லை. ஒருநாள் ஏதோ கோளாறில் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. "பாத்தீங்களா" என்றார் என்னிடம்.

அவருடைய கைபேசி 'அவனுக்கு' அடையாளம் தெரிந்துவிட்டதாம். அதனால் மனைவியின் கைபேசியில் தேடுவார். அதுவும் பழகிவிட்டது என்று தோன்றினால் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் என்னுடையதைக் கேட்பார். என் கைபேசிக்கு இன்று வரை மலையூர் விடுதிகளின் விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது. நான் மலை ஏறியதே இல்லை.

இப்படிக் கிடைக்கும் சீட்டுகளுக்குச் சில குணங்கள் உண்டு. விமானம் கோழி எழுந்திருக்காத வேளையில் கிளம்பும். நேராகப் போகாமல் நடுவில் ஓர் ஊரில் உட்கார்ந்து எழுந்து போகும். பெருநகரத்தின் பெரிய நிலையத்தில் இறங்காமல், ஊருக்கு வெளியே வயல்வெளியில் இருக்கும் சின்ன நிலையத்தில் இறங்கும். அங்கிருந்து ஊருக்குள் போகும் டாக்சிச் செலவு மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடாதா என்று கேட்டால், "அது வேற கணக்கு" என்பார். இந்த வேறு கணக்கை அவர் கூட்டிப் பார்த்ததாக யாருக்கும் தெரியாது.

பெட்டிக்குத் தனிக் கட்டணம் கட்டுவதை அவர் தண்டனையாகக் கருதுகிறார். கடை வாசலில் எடை பார்க்கும் கருவி இருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதில் ஏறுவார், பிறகு பையில்லாமல் ஏறுவார். போன பயணத்துக்கு முன் பையின் எடை சரியாகவே இருந்தது; அவருடைய எடைதான் கூடியிருந்தது. "பைக்குத்தான் அளவு, ஆளுக்கு இல்ல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்திலிருந்து ஒரு யோசனையும் பிறந்தது. இப்போதெல்லாம் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பயணம் செய்கிறார்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும் பணம் கேட்கிறார்கள். கொடுப்பாரா? குடும்பம் விமானம் முழுக்கச் சிதறி உட்காரும். "ரெண்டு மணி நேரம் பிரிஞ்சிருந்தா குடும்பம் கலைஞ்சிடாது" என்பது அவர் வாதம். "கலையட்டும், அந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்கு நிம்மதியான தூக்கம்" என்பது அவர் மனைவியின் பதில்.

ஆனால் இவை எல்லாமே முன்னேற்பாடுதான். அவருக்கு வேண்டியது மலிவான சீட்டல்ல; விமானத்திலேயே மலிவான சீட்டு. அதை உறுதி செய்துகொள்ள ஒரே வழி, பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது. பெல்ட்டைப் பூட்டியதும் தொண்டையைச் செருமுவார். "தப்பா நினைக்காதீங்க. டிக்கெட்டுக்கு நீங்க எவ்வளவு குடுத்தீங்க?" அவர்கள் ஒரு தொகை சொல்வார்கள். இவர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுத் தன் தொகையைச் சொல்வார். அந்த முகம் வாடுவதைப் பார்த்த பிறகு, தண்ணீர் கூடக் கேட்காமல் ஊர் போய்ச் சேருவார்.

இந்தப் புகழில் கண் வைத்தவர் ஒருவர் உண்டு. மனைவியின் தம்பி, குளிர்சாதன இயந்திரம் பழுது பார்ப்பவர். குடும்பத்தில் யார் எங்கே பறந்தாலும் சீட்டு எடுப்பது மருந்துக்கடைக்காரர்தான். மருந்துக்கடைக்காரரோடு அக்காவும் தம்பியும் பெருநகரத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் கிளம்பியபோது, தம்பி முதல் முறையாகத் தன் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு மாப்ள?"

"ஊர்ல இறங்கினதும் சொல்றேன் அத்தான். என்னோடது கம்மின்னா, இனிமே வீட்டு டிக்கெட்டெல்லாம் நான்தான் போடுவேன். சம்மதமா?"

"என்னோடது கம்மின்னா?"

"சாகிற வரைக்கும் நீங்களே போடுங்க."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அன்று மாலை மனைவியிடம், "ஒருவேளை இவன் ஜெயிச்சிட்டா நான் கடையில சும்மா உக்காந்துட்டு என்னடி பண்றது?" என்று கேட்டாராம். "மருந்து விக்கலாம்" என்றாராம் அவர்.

எனக்கும் அந்தப் பெருநகரத்தில் வேலை இருந்ததால் என் சீட்டையும் அவரே எடுத்தார். அவருடையதும் என்னுடையதும் ஒரே விலை. அவர் என்னிடம் பத்து முறையாவது சொன்ன விலை. விமானத்தில் தற்செயலாக அவர் நடுவில், நான் ஓரத்தில். நடைபாதைக்கு அந்தப் பக்கம் மைத்துனர். மனைவி எங்கோ பின்னால், அநேகமாகத் தூக்கத்தில்.

சன்னலோரம் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். தையல் ஆலையின் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. கையில் பை இல்லை. மருந்துக்கடைக்காரர் இவற்றைக் கவனிக்குமுன்பே தொண்டையைச் செருமிவிட்டார், கேள்வியும் வந்துவிட்டது.

அந்தப் பெண் சொன்ன தொகை எங்களுடையதைப்போல நான்கு மடங்கு.

"எங்கம்மாவ ஐ.சி.யூ.ல வெச்சிருக்காங்க சார். அண்ணன் ராத்திரி போன் பண்ணாரு. நைட் ஷிப்ட்ல இருந்து அப்படியே ஓடி வந்து கவுண்டர்ல கேட்டத குடுத்துட்டேன். சூப்பர்வைசர் மேடம்கிட்ட கைநீட்டி வாங்கின காசு." அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்துக்கொண்டார். "ஏமாந்துட்டேனா சார்? நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

நடைபாதைக்கு அப்பால் மைத்துனர் பத்திரிகையைத் தாழ்த்திவிட்டார். தரையிறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் விடை இப்போதே வரப்போகிறது.

மருந்துக்கடைக்காரர் அந்தப் பெண் சொன்ன அதே தொகையைத் தானும் சொன்னார்.

"இன்னிக்கு எல்லாருக்குமே அதான்மா. எங்க கேட்டிருந்தாலும் கம்மியா கிடைச்சிருக்காது. நீங்க அம்மாவப் பாருங்க."

பெண் நாடாவை விட்டுவிட்டு, தலையைச் சன்னலில் சாய்த்துக்கொண்டார்.

விலையைக் குறைத்துச் சொல்லக்கூடியவர் என்று மருந்துக்கடைக்காரரை வேண்டுமானால் சந்தேகிக்கலாம். கூட்டிச் சொல்வார் என்று அவரை அறிந்த யாராலும் நினைக்க முடியாது.

"அத்தான், என்ன இது? என்னோடது அதுல பாதி கூட இல்லியே" என்றார் மைத்துனர், எங்கள் பக்கம் சாய்ந்து கிசுகிசுப்பாக, நம்பமுடியாத மகிழ்ச்சியில்.

அந்தப் பாதியிலும் பாதிதான் எங்கள் விலை. நான் வாயைத் திறக்கப் போனேன். மருந்துக்கடைக்காரரின் முழங்கை என் விலாவில் இடித்தது. பிறகு அவர் என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி மைத்துனரின் கையைக் குலுக்கினார்.