ஒரே மருந்து, இரண்டு பெயர்

கடையில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. மாத்திரை வாங்க வருகிறவர்களிடம், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்று ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் அனுப்புவார். அப்படி வந்த பெயர். வயது நாற்பத்தேழு. ஊர் முழுக்கக் கிளை பரப்பிய ஒரு மருந்துக் கடை நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக மருந்தாளுநர்.

வேலை என்றால் முதலில் நிற்பதுதான். கடையில் இருந்த ஒரே நாற்காலி ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்களுக்கு. ஊழியர் அதில் உட்கார்ந்தால் கேமராவில் தெரியும்; தெரிந்தால் போன் வரும். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் நிற்கத் தொடங்கினால், நாலரைக்கு மாற்று ஆள் வரும்வரை நிற்க வேண்டும். குளிர்பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குறிக்க வேண்டும். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிக்க வேண்டும். தலைவலி மாத்திரைக்கு வந்தவரிடமும், "சத்து மாத்திரை ஒண்ணு சேர்த்துக்கறீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மேற்பார்வை அதிகாரி வந்து கேட்பார். முப்பது வயதுகூட ஆகாத அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'டார்கெட் தம்பி'.

டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நீ நின்னே தேயுற, நான் ஏறி எறங்கியே தேயுறேன். நம்ம பொண்ணாவது உக்காந்து பாக்குற வேலைக்குப் போகட்டும்" என்பார். சிரிக்கவும் அலுப்பாக இருக்கும் நாட்களில் டீச்சர் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். மனைவியின் இதய நோய்க்கு ஆறு வருடமாக மாதம் தவறாமல் மருந்து வாங்குகிறவர். அன்று அவர் கையில் இரண்டு சீட்டுகள் இருந்தன.

"அவளுக்கு மூச்சுத் திணறல் வந்து புது ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம்மா. வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. அவங்க கையில குடுத்த மாத்திரை தீர்ந்துபோச்சு. இதையும் குடுங்க, எப்பவும் வாங்கறதையும் குடுங்க."

டீச்சர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய சீட்டில் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை ஒன்று இருந்தது. புதிய சீட்டிலும் அதே மாத்திரை, வேறொரு கம்பெனியின் பெயரில்.

"ஐயா, ரெண்டும் ஒரே மருந்து. பேருதான் வேற. சேர்த்துப் போட்டா உள்ளுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சிடும். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தர்றேன்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். காதில் பாட்டுதான் ஓடியது. வரிசையில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

டிரைவருக்கு முகம் சிவந்தது. "ரெண்டு பெரிய டாக்டர் எழுதினதைவிட உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்லல ஐயா. கேட்டுக்கறேன்னுதான் சொல்றேன்."

"ஆறு வருஷமா வர்றேன். எல்லார் முன்னாடியும் இல்லைங்கறீங்க."

சீட்டுகளைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடலாம் என்றால் கல்லாவை யார் பார்ப்பது?

மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் டீச்சர் கணினியில் டிரைவரின் போன் எண்ணைத் தட்டிப் பார்த்தார். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பதிவுதான். பன்னிரண்டு பத்துக்கு, பஸ் நிலையக் கிளையில், இரண்டு மாத்திரைகளும் ஒரு மாதத்துக்கு வாங்கியாகிவிட்டது. கூடவே ஒரு சத்து மாத்திரை டப்பா. அந்தக் கிளையில் யாரோ கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள்.

டிரைவருக்குப் போன் செய்தார். அவர் இரண்டு தடவை துண்டித்தார். மூன்றாவது தடவை மணியே அடிக்கவில்லை.

பதிவில் வீட்டு முகவரி இருந்தது. வீட்டுக்கு மருந்து அனுப்புவதற்குத் தவிர வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது என்பது விதி. டீச்சரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி.  இருந்தும் முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நாலரைக்கு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்த்திசை பஸ்ஸில் ஏறினார். அதிலும் உட்கார இடமில்லை. மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. சம்பந்தமே இல்லாத தன் கணவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே படியேறினார்.

கதவைத் திறந்தது டிரைவரின் மனைவி. அவருடைய முன்கையில் மை கொட்டினாற்போல நீலநீலமாகத் திட்டுகள்.

"எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்லைங்க. நாலு நாளா தானா வருது. பல் தேய்ச்சாலும் ரத்தம் வருது. நீங்க யாரு?"

அதற்குள் டிரைவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். "அட்ரஸ் யாரு குடுத்தா உங்களுக்கு?"

"நானா எடுத்தேன். தப்புதான். கம்ப்ளெய்ண்ட் குடுங்க, வேண்டாம்னு சொல்லல. இப்ப அந்த ரெண்டு அட்டையையும் கொண்டாங்க."

அட்டைகளை மேசைமேல் வைத்து, பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரில் விரலை வைத்தார். டிரைவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றைப் படித்தார். மற்றதைப் படித்தார். திரும்ப முதலாவதைப் படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "செருப்பைப் போடு" என்றார் மனைவியிடம்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர்.

வியாழக்கிழமை டார்கெட் தம்பி வந்தார். மருந்து தரவில்லை என்று டிரைவர் செவ்வாய் மதியமே கைபேசியில் புகார் போட்டிருந்தார். வீட்டுக்குப் போன விஷயத்தை டீச்சரே சொன்னார்.

"உங்க மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா மெமோ குடுக்காம இருக்க முடியாது."

"குடுங்க தம்பி. அந்தக் கிளையில யாரு இருந்தாங்க?"

"ரெண்டு மாசம் முன்னாடி சேர்ந்த பொண்ணு. தனியா."

"அவளைத் திட்டாதீங்க. கூட ஒரு ஆளைப் போடுங்க."

அதைக் குறித்துக்கொண்டு போனார். நிறுவனம் ஆளைப் போடத்தான் செய்தது. மூன்றாவது வாரம் டீச்சருக்குப் பஸ் நிலையக் கிளைக்கு மாற்றல் வந்தது. பழைய கிளையில் அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. போக வர ஒரு மணி நேரம் கூடுதல். "நீங்கதானேக்கா கேட்டீங்க" என்றார் டார்கெட் தம்பி, உண்மையாகவே உதவி செய்துவிட்ட முகத்தோடு. அவரிடம் சண்டை போட டீச்சருக்குத் தெம்பில்லை. அன்று வீட்டுக்கு வந்து செய்தியைச் சொல்லிவிட்டு, உடைகூட மாற்றாமல் படுத்துவிட்டார். கணவர்தான் குழம்பு வைத்தார். உப்பு இல்லை, யாரும் சொல்லவில்லை.

புதுக் கிளையில் இரண்டாவது மாதம் டிரைவர் வந்தார். டீச்சரைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்து, பிறகு வரிசையில் நின்றார். ஒரே ஒரு சீட்டை நீட்டினார்.

"கம்ப்ளெய்ண்ட்டை வாபஸ் வாங்கப் பார்த்தேம்மா. அதுக்கு வழியே இல்லையாம்."

"இருக்கட்டும் ஐயா. அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. என் மேல கோவமா இருக்கா."

டீச்சர் மருந்தை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தார். அவர் இன்னும் ஏதோ சொல்ல நின்றார். அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். அடுத்தவரின் சீட்டுக்கு டீச்சர் கையை நீட்டினார்.