தண்ணீருக்கு ஒரு வாட்டம்

புது வீட்டில் முதல் நாள் காலை அவன் குளிக்கப் போனான். தலைக்கு இரண்டு செம்பு ஊற்றியிருப்பான், அதற்குள் தண்ணீர் குளியலறை வாசலைத் தாண்டிச் சமையலறைக்கு வந்துவிட்டது. அடுப்படியில் நின்றவளின் கால்விரல்கள் நனைந்தன. அவள் நகராமல் குனிந்து பார்த்தாள். தண்ணீர் மேசைக்காலைச் சுற்றி, அரிசி டின்னை உரசி, முன்னறையில் சுருட்டி வைத்திருந்த பாயைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

"குளிச்சது போதும், வெளிய வா," என்றாள். "நீ உள்ள குளிக்கிற, பாய் இங்க குளிக்குது."

தலையில் நுரையோடு எட்டிப் பார்த்தவன் துணியைத் தேடினான். அவள் துணியை எடுக்கவில்லை. பைக்குள் கைவிட்டு ரசமட்டத்தை எடுத்தாள். குளியலறைத் தரையில் அதை வைத்து, கண்ணாடிக்குள் இருந்த குமிழி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்தாள். மூலைக்கு மூலை நகர்த்தி வைத்தாள்.

"வாட்டம் வாசல் பக்கம் இருக்கு," என்றாள். "ஓட்டை ஒரு பக்கம், சரிவு ஒரு பக்கம். தண்ணி பாவம், என்ன செய்யும்?"

அவளுக்கு அதுதான் தொழில். பள்ளிக்கூடம் நின்ற வருஷமே தாய்மாமனோடு கட்டட வேலைக்குப் போனவள். மாமா டைல்ஸ் ஒட்டுபவர். முதலில் கலவை சுமந்தாள். பிறகு டைல்களுக்கு நடுவே இடைவெளியில் பூச்சு அடைக்கிற வேலையைக் கொடுத்தார். "உன் கை சின்னது, மூலைக்குள்ள நல்லாப் போகும்," என்பார். மூலையிலிருந்து சுவருக்கு வந்தாள், சுவரிலிருந்து தரைக்கு இறங்கினாள். மாமாவுக்கு முழங்கால் போனபின் வேறொரு மேஸ்திரியிடம் சேர்ந்தாள். அவள் ஒட்டிய தரையில் முட்டையை வைத்தால் உருளாது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். ஆனாலும் வீட்டுக்காரர்கள் எதைக் கேட்பதானாலும் மேஸ்திரியைத்தான் கேட்பார்கள். அவளைப் பார்த்தால் "அம்மா, குடிக்கத் தண்ணி வேணுமா" என்பதோடு சரி.

அவன் பஸ் டிரைவர். அவர்கள் பழகியதே ஒரு தரையால்தான். டிப்போவில் டிரைவர்கள் ஓய்வெடுக்கிற அறைக்கு அவள் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஈரம் காயாத தரையில் ஒருவன் செருப்போடு நடு அறை வரை வந்துவிட்டான்.

"பஸ் ஓட்டத்தான் ரோடு போட்டிருக்காங்களே, இங்க எதுக்கு ஓட்டுறீங்க?" என்றாள்.

அவன் அப்படியே நின்றான். "முன்னாடி வரவா, பின்னாடி போகவா?"

"ரெண்டும் வேணாம். நில்லுங்க. பலகை போடுறேன்."

அவள் பலகை கொண்டுவரும்வரை ஒற்றைக் காலில் நின்றான். மறுநாள் வெறுங்காலோடு வந்து வாசலுக்கு வெளியே நின்று, "இன்னைக்கு வரலாமா?" என்று கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். தரை காய்ந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவனுடைய அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஊரார் வீட்டுத் தரையைத் தடவிட்டு வர்றவதான் எனக்கு மருமகளா?" என்றார். கல்யாணத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டதும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

குளியலறை விஷயமாக அவர்கள் வீட்டுக்காரரிடம் போனார்கள். அவர் கீழே குடியிருந்தார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தவர், நிறுத்தாமலே கேட்டார்.

"அது அப்படித்தான் தம்பி. முன்னாடி இருந்தவங்க எல்லாரும் துடைச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. கொஞ்சமா ஊத்திக் குளிங்க."

"நாங்களே சரி பண்ணிக்கிறோம்," என்றாள் அவள். "தரையை உடைக்கணும்."

இப்போது காது குடைவது நின்றது. அவர் டிரைவரைப் பார்த்தார். "யாரு உடைக்கிறது?"

"நான்தான்."

அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உடைச்சா முடிக்கணும். பாதியில விட்டீங்கன்னா வீட்டைக் காலி பண்ணிடணும். நான் மத்தியானம் தூங்குற நேரத்துல சத்தம் கேக்கக் கூடாது."

"சரி," என்றாள்.

இருவரும் மாடி ஏறினார்கள். கதவைச் சாத்தியதும், "வாடகை வீட்டுக்கு எதுக்கு இந்த வேலை? நாளைக்கே போகச் சொன்னா போகணும்," என்றான்.

"வாடகை வீட்ல சாப்பிட்டா வயிறு நிறையாதா? இருக்கிற வரைக்கும் நம்ம வீடு."

"வாரம் பூரா இதைத்தான் பண்ற. லீவு அன்னைக்கும் இதையா?"

"வாரம் பூரா அடுத்தவங்க வீட்டுத் தண்ணிக்கு வழி காட்டுறேன். என் வீட்ல பாயைத் தூக்கிக்கிட்டு ஓடணுமா? நீ வேணா உக்காந்து பாரு. நான் உடைக்கத்தான் போறேன்."

அவன் உட்கார்ந்து பார்க்கவில்லை. முகம் கொஞ்சம் உம்மென்று இருந்தது, ஆனாலும் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து, "எங்க தட்டணும்?" என்றான்.

உடைத்துப் பார்த்தபோதுதான் காரியம் நினைத்ததைவிடப் பெரிது என்று தெரிந்தது. தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய், பழைய தரையைவிட ஒரு விரல்கடை உயரத்தில் இருந்தது. யாரோ முதலில் தரையைப் போட்டுவிட்டு, பிறகு ஞாபகம் வந்து குழாயைச் சொருகியிருக்கிறார்கள். குழாயை இறக்க வேண்டுமானால் வெளிச்சுவரை இடிக்க வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். அவள் உளியைக் கீழே வைத்துவிட்டு, உடைந்த சிமெண்டுக் கட்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து யோசித்தாள்.

"ஏன் முகம் வாடியிருக்கு?" என்றான் அவன்.

"தரையிலதான் சரியான வாட்டம் இல்லை. முகத்துலயாவது இருக்கட்டும்." எழுந்தாள். "குழாய் இறங்காதுன்னா தரை ஏறட்டும். வாசல் பக்கம் கனமா கலவை போட்டு, குழாய் பக்கம் இளைச்சுக்கிட்டே போவோம்."

அன்று முதல் குளிப்பதற்கு வாளியும் துண்டுமாகக் கீழே வீட்டுக்காரர் குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் குளித்து, அவர் மனைவி குளித்து, பிறகுதான் இவர்கள் முறை. டிரைவர் பல நாள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பஸ் எடுத்தான். டைல்களை அவள் வேலை செய்த இடங்களிலிருந்து மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தாள். எல்லாம் மிச்சம் விழுந்தவை. வெள்ளை கொஞ்சம், சாம்பல் கொஞ்சம், கடல்நீலம் கொஞ்சம். எதுவும் முழு அறைக்குப் போதாது. முன்னறைத் தரையில் அவற்றைப் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்து, வேண்டுமென்றே செய்ததுபோல ஒரு கோலத்துக்குக் கொண்டுவந்தாள். அதைத் தாண்டித் தாண்டித்தான் இருவரும் வீட்டுக்குள் நடந்தார்கள்.

கலவை பிசைவதில் அவன் கை தேறவே இல்லை.

"சாந்து கேட்டா எனக்கே தண்ணி காட்டுறியா?" என்றாள் சட்டியைப் பார்த்து.

"பஸ்ல கியர் மாத்துற கை இது. இதுக்கு இவ்வளவுதான் வரும், மேஸ்திரி."

அவன் விளையாட்டுக்குத்தான் அப்படிக் கூப்பிட்டான். அவளுக்கு அது காதில் இனித்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "இன்னும் ரெண்டு கை மணல் போடு," என்றாள்.

வேலை நடுவில் நிற்கும்போதுதான் அவன் அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்காவின் கணவருக்கு வெளியூருக்கு மாற்றல். வீட்டைக் காலி செய்கிறார்கள். அம்மா இனி மகனோடுதான் இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்.

"அம்மாவுக்கு மூட்டு வலி. கீழ இறங்கிப் போய்க் குளிக்க முடியாது," என்றான் அவன்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிச்சிடுறேன்," என்றாள் அவள்.

முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் படியேறி வந்தபோது அறையில் பாதிதான் ஒட்டியிருந்தது. மகன் இடுப்பில் துண்டோடு கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான். அவர் வாசலிலேயே நின்றார்.

"பஸ் ஓட்டுற பிள்ளையை மண்ணு சுமக்க வச்சாச்சா?"

"நம்ம வீட்டு மண்ணுதானேம்மா," என்றான். "வழி விடுங்க, காஞ்சிடும்."

அவர் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து குளியலறை நேராகத் தெரிந்தது. மருமகள் முட்டி போட்டுத் தரையோடு தரையாகக் கிடந்தாள். "வாங்க அத்தை," என்றாள், கையை எடுக்காமலே. அவர் தலையை மட்டும் அசைத்தார்.

மதியம் அவனுக்கு டியூட்டி. அவன் கிளம்பியபின் அவள் வேகமாகக் கடைசி வரிசையை ஒட்டினாள். பூச்சு அடைப்பதற்கு முன் ஒரு கோலிக்குண்டை எடுத்து வாசல் பக்கம் வைத்து விட்டாள். அது குழாய்வாயை நோக்கி ஓடியது. இன்னொரு மூலையில் வைத்தாள், ஓடியது. கதவுக்குப் பின்னால் இருக்கும் மூலையில் வைத்தாள். அது அங்கேயே நின்றது. விரலால் தள்ளினாள். கொஞ்சம் போய்விட்டு மறுபடியும் மூலைக்கே திரும்பி வந்தது.

காரணம் உடனே தெரிந்தது. அந்தப் பக்கம் டைல் மட்டத்துக்காக நூல் கட்டிய ஆணி, சுவரின் உதிர்ந்த பூச்சில் அடித்தது. அது அசைந்து நூல் தொய்ந்திருக்கிறது. அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. அடுத்தவர் வீட்டில் அவள் ஒருநாளும் செய்யாத பிழை.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மருமகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "என்ன ஆச்சு?"

"ஒரு மூலை பள்ளமா இருக்கு அத்தை. தண்ணி நிக்கும்."

"எவ்வளவு நிக்கும்?"

"ஒரு கை அளவு."

"ஒரு கை தண்ணிக்கா இந்த முகம்? ஒரு துணியைப் போட்டு வச்சா போச்சு. எங்க வீட்லயெல்லாம் நின்னுச்சு."

அவள் சாந்துக்கரண்டியை எடுத்தாள். கரண்டியின் முனையை டைலுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். இன்னும் இறுகாத டைல் பிசுக்கென்ற சத்தத்தோடு மேலே வந்தது. அதன் பக்கத்து டைலையும் எடுத்தாள். அந்த மூலை முழுவதையும், அதற்கு அடுத்த வரிசையையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பின்பக்கம் சுரண்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"ஒட்டுனதை எதுக்குப் பிடுங்குற?"

"நீங்க இந்த மூலையில நின்னுதான் துணி மாத்துவீங்க அத்தை. வழுக்கும்."

அவர் அந்த மூலையை எட்டிப் பார்த்தார். அவள் புதுக்கலவை பிசைந்து வந்தாள். நூலின் ஒரு முனையைக் குழாய் பக்கம் கட்டினாள். மறுமுனைக்கு ஆணி அடிக்க நல்ல சுவர் இல்லை. அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு நூலை நீட்டினாள்.

"அத்தை, இதைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? சுவத்துல கோடு போட்டிருக்கேன். அந்தக் கோட்டுல வச்சு இழுத்துப் பிடிக்கணும். நாற்காலியைக் கொண்டுவந்து போடுறேன்."

"நானா?"

"வேற யாரும் இல்லையே."

அவர் நூலைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். நாற்காலி வாசலுக்கு வந்தது. அவர் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நூலைக் கோட்டில் வைத்து இழுத்தார்.

"விடாதீங்க."

"விடலை. நீ வேலையைப் பாரு."

கை வலிக்கிறதா என்று நடுவில் கேட்டாள். "வலிக்காம என்ன செய்யும்?" என்றாரே தவிர நூல் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே பேச ஆரம்பித்தார். "அந்த நீலத்தைச் சரியா தட்டலை. பக்கத்துல இருக்கிறதைவிடத் தூக்கிட்டு நிக்குது."

அவள் தடவிப் பார்த்தாள். தூக்கித்தான் இருந்தது. ரப்பர் சுத்தியலால் தட்டினாள்.

"இதென்ன நிறத்துக்கு ஒண்ணா, ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி," என்றார் பிறகு. அவள் அடுத்த டைலை எடுத்து வைத்தாள். "உங்க அம்மாவும் இப்படித்தானா? பிடிச்ச பிடி விடாத ஆளா?"

"எங்க அம்மா சாது. மாமாதான் அப்படி."

"அதான பாத்தேன்," என்றார் மாமியார்.

வேலை முடிந்து கோலிக்குண்டை உருட்டியபோது அது நிற்காமல் போய்க் குழாய்வாயில் விழுந்தது. "போகுது," என்றார் மாமியார், தானே ஓட்டி அனுப்பியதுபோல. அப்புறம் கையை உதறிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். மகன் வந்ததும், அவன் செருப்பைக் கழற்றுவதற்குள், "உள்ள காலை வைக்காத, ஈரம்," என்றார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. தரை உயர்ந்ததால் குளியலறைக் கதவு தட்டிக்கொண்டு சாத்த வரவில்லை. தச்சர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார். அதுவரை பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரிய அவரவர் பாடிக்கொண்டே குளித்தார்கள். டிரைவர் பாடியதைக் கேட்டுக் கீழ்வீட்டு நாய் ஊளையிட்டது. மாமியார் பாட மாட்டார், இருமுவார். மாமியாருக்கும் மருமகளுக்கும் உப்பு, காரம், ஜன்னலைத் திறப்பது, சாத்துவது என்று தினமும் ஒரு வழக்கு நடந்தது. ஆனால் பேசாமல் இருந்த காலம் போய்விட்டது. அடுத்த வீட்டுக்காரி ஒருநாள் "உங்க மருமக என்ன வேலை பாக்குறா?" என்று கேட்டதற்கு, "டைல்ஸ் மேஸ்திரி," என்று மாமியார் சொன்னதை அவள் படியில் நின்று கேட்டாள். ஒன்றும் கேளாதவள்போல மேலே ஏறினாள்.

வீட்டுக்காரர் ஒருநாள் மாடிக்கு வந்தார். ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கிப் போகும்போது, "என் தங்கச்சி வீடு கட்டுறா. தரை வேலைக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கா," என்றார்.

"நான் வர்றேன். ஆனா மேஸ்திரிகிட்ட சொல்லி ஆள் அனுப்ப மாட்டேன். நானே எடுத்துச் செய்வேன்."

"தனியாவா?"

"கூட ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

அவர் தாடையைத் தடவினார். "தங்கச்சிகிட்ட கேக்கணும்."

தங்கச்சி யோசித்தாள், அவள் கணவன் இன்னும் யோசித்தான். வேறு இரண்டு பேரிடம் விசாரித்தார்கள். இவளோ அதற்குள் தன்னோடு கலவை சுமந்த இரண்டு பெண்களிடம் பேசி முடித்திருந்தாள். டைல் வெட்டுகிற மெஷின் ஒன்றை வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தாள். கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று காத்திருக்காமல் தானே போய் அந்த வீட்டை அளந்துவிட்டு வந்தாள். கடைசியில் சரி என்றார்கள்.

வேலை தொடங்கிய காலை, டிரைவர் தன் பஸ்ஸிலேயே மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போய் அந்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டான். மெஷினைப் படிக்கட்டு வழியாக இறக்கக் கண்டக்டரும் கைகொடுத்தார். "போயிட்டு வாங்க, மேஸ்திரி," என்றான் டிரைவர், பஸ் முழுவதும் கேட்கும்படியாக.

வீட்டு வாசலில் தங்கச்சியின் கணவன் நின்றிருந்தான். மூன்று பெண்களையும் பார்த்தான். அவர்களுக்குப் பின்னால் தெருவையும் பார்த்தான்.

"மேஸ்திரி பின்னாடி வர்றாரா?"

"வந்தாச்சு," என்றாள் அவள். "முதல்ல எந்த அறை?"