மாஸ்டரம்மாவின் உள்ளங்கை

பட்டினி கிடந்தவளுக்கு எப்படிக் கொழுப்பு கரையாமல் இருக்கும் என்று டாக்டரிடம் மல்லுக்கு நின்றது நான்தான். அண்ணி, ஸ்கேன் எடுக்க வயிற்றில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"ஈரல் அப்படியேதான் இருக்கு. இதை வெச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ண முடியாதும்மா," என்றார் டாக்டர்.

இரைப்பைக்கு மேலே ஈரல் கவிந்திருக்குமாம். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்க வேண்டுமாம். கொழுத்த ஈரலைத் தூக்கினால் கிழிந்து ரத்தம் கொட்டும். அதைச் சுருக்கத்தான் இரண்டு வாரம் வெறும் பவுடர் கரைத்த நீராகாரம் சொல்லியிருந்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க. நீங்க குடுத்த பவுடரைத்தான் கரைச்சுக் குடிச்சேன்."

டாக்டர் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை மிட்டாயைத் திருடியதைக் கண்டுபிடித்த வாத்தியார் பார்வை அது. இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டு அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் பொய்யா சொல்றேன்? நீ பக்கத்துலதானே இருக்கே?"

இருந்தேன். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அவள் தலைமைச் சமையல்காரி. எல்லாருக்கும் மாஸ்டரம்மா. நான் அவளுக்குப் பக்கத்து மேடையில் காய் நறுக்குகிறவள். வீட்டிலும் நாத்தனார், வேலையிலும் நாத்தனார், பாவம், அவளுக்குத் தப்பிக்க வழியே இல்லை.

கல்யாண போட்டோவில் எங்கள் அண்ணன்தான் குண்டு. அப்புறம் அவர் இளைக்க, இவள் பெருத்தாள். முட்டி வலித்தபோதும் அண்ணி கவலைப்படவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் முகம் சுளித்தபோதும் கவலைப்படவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று போய்க்கொண்டிருந்தாள். பிறகு தூக்கத்தில் மூச்சு நிற்க ஆரம்பித்தது. நின்று, நின்று, திடுக்கென்று திரும்ப வரும். மூச்சுக்கு மிஷின் கொடுத்தார்கள். அதோடு வந்த மூடியை முகத்தில் மாட்டினால் தூக்கத்திலேயே பிய்த்து எறிந்துவிடுவாள். அண்ணனுக்கு இரவு ஷிப்ட். அதனால் பக்கத்தில் படுத்து அம்மாவின் மூச்சைக் காவல் காத்தது மகள்தான். பள்ளிக்கூடத்தில் அவள் மேஜைமேல் தலை வைத்துத் தூங்குகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன அன்றுதான் அண்ணி ஆபரேஷனுக்குச் சரி என்றாள். பிரசவத்தைத் தவிர வேறெதற்கும் ஆஸ்பத்திரியில் படுக்காதவள். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்போமா என்று என்னிடம் தினமும் கேட்பாள்.

தள்ளிப்போன சேதியைச் சொன்னதும் மகள் புத்தகத்தை மூடினாள்.

"ஒளிச்சு வெச்சுச் சாப்பிட்டியாம்மா?"

"இல்லடி, சத்தியமா."

"உனக்கு உயிரோட இருக்கணும்னு ஆசையே இல்ல." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டர் நம்பாததை அண்ணி எப்படியோ விழுங்கிக்கொண்டாள். இதை அவளால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் வேலையில் எனக்கு டாக்டர்மேல் இருந்த கோபம் ஆறவில்லை. என் அண்ணி ஒரு பருக்கை வாயில் போடுகிறாளா பார்த்துவிடுவோம் என்று கண்ணை அவள்மேலேயே வைத்திருந்தேன். சூப் கொதித்தது. கரண்டி நுனியிலிருந்து இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினாள். உப்பு போட்டாள். மறுபடி ஊற்றி நக்கினாள். கிழங்கு வெந்ததா என்று ஒரு துண்டு. இறைச்சி மெத்தென்று ஆனதா என்று ஒரு துண்டு. இனிப்புக் கஸ்டர்டில் ஒரு கரண்டி.

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். ஆனால் அது சாப்பாடு என்று எனக்கும் தோன்றியதே இல்லை.

ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டேன். அவள் உள்ளங்கைக்கு எவ்வளவு போனதோ, அதே அளவை நானும் டம்ளரில் விட்டேன். மதியச் சாப்பாடு இறங்குவதற்குள் டம்ளர் நிறைந்து, கிண்ணத்துக்கு மாற்றி, கிண்ணமும் நிறைந்தது. கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"என்னடி இது, கலந்து கட்டி?"

"நீங்க இன்னைக்குச் சாப்பிட்டது அண்ணி."

"நான் எங்கடி சாப்பிட்டேன்? ருசிதானே பாத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கவிழ்த்து வைத்திருந்த டிரம்மில் உட்கார்ந்து கிண்ணத்தையே பார்த்தாள். கிழங்கும் இறைச்சியும் கஸ்டர்டும் ஒன்றாகக் குழம்பி, பார்க்கவே சகிக்கவில்லை.

"ருசி பாக்காம எப்படி இறக்குறது?" என்றாள் மெல்ல. "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா நாக்கே மாறிப்போயிடுமாம். ஆஸ்பத்திரியில ஒரு அம்மா சொன்னாங்க. அவங்களுக்கு இனிப்பைக் கண்டாலே கொமட்டுதாம். நாக்கும் போயிட்டா நான் எதுக்கு ஆவேன், சொல்லு?"

லீவு போடலாம் என்றால், இருக்கிற லீவு அத்தனையும் ஆபரேஷனுக்குப் பிறகு படுத்துக் கிடக்க வேண்டும். மறுநாள் என்னை ருசி பார்க்கச் சொன்னாள். என் நாக்குக்கு உப்பும் ஒன்றுதான், சப்பும் ஒன்றுதான். நான் தலையாட்டி அனுப்பிய இரண்டு சட்டிகளைப் பற்றி இங்கே பேசாமல் இருப்பது நல்லது.

அதற்கடுத்த நாள் வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றாள். "மாஸ்டரம்மா, எந்த பேங்கைக் கொள்ளையடிக்கப் போறீங்க?" என்று தட்டோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கை மட்டும் கேட்கவில்லை. கரண்டி, உள்ளங்கை, வாய் என்று தானாகப் போய்த் துணியில் முட்டி நிற்கும். வேலை முடியும்போது துணியில் வாய் இருக்கும் இடம் மட்டும் மஞ்சளும் பழுப்புமாக நனைந்திருக்கும். கழுவிக் காயப்போட்டு மறுநாளும் கட்டிக்கொள்வாள்.

நாட்கள் போகப் போக அவளுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. ஒருநாள் சூப்புக்கு உப்பு போட்டாள். போட்டோமா என்று சந்தேகம் வந்து திரும்பப் போட்டாள். நான் கிழங்கு எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்த நேரம்.

கிண்ணங்கள் குடிக்காமலே திரும்பி வந்தன. பின்னாலேயே சூப்பர்வைசரும் வந்தார்.

"என்ன மாஸ்டரம்மா, கடல் தண்ணியைக் காய்ச்சி ஊத்திட்டீங்களா?"

அவளே உப்பு போட்டு இறக்கிய சட்டி ஒன்று திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. "கொட்டிடலாம் அண்ணி," என்றேன். அவள் கேட்கவில்லை. ஒரு தூக்கில் கொஞ்சம் ஊற்றி எடுத்துக்கொண்டாள். எவ்வளவு கரிக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது என்றாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்கேனுக்குச் சில நாட்களே இருந்தன. வீடு வரைக்கும் கூடவே போனேன்.

வந்ததும் வராததுமாகத் தூக்கைத் திறந்து கரண்டியை எடுத்தாள். உள்ளறையிலிருந்து வந்த மகள் பார்த்துவிட்டாள். ருசி பார்த்ததுதான் காரணம் என்று நான் சொல்லியும் நம்பாமல், அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள், ஒரே தாவலில் கரண்டியைப் பிடுங்கினாள்.

"திரும்பவுமா?"

"குடிக்க இல்லடி. உப்பு கூடிப்போச்சாம். எல்லாரும் திருப்பி அனுப்பிட்டாங்க. எவ்வளவுன்னு..."

மகள் நம்பாமல் ஒரு வாய் குடித்தாள். முகம் எட்டுக் கோணலாகப் போனது. இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"நீ செஞ்சதா இது? உப்புக்குன்னு பேர் வாங்கின நீயா?"

"ஆமாடி. என் மானமே போச்சு." சொல்லிக்கொண்டே அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் அம்மாவின் கழுத்தில் தொங்கிய துணியைப் பார்த்தாள். பிறகு தூக்கைப் பார்த்தாள்.

"அப்போ நீ ருசியே பாக்கலையாம்மா? நிஜமாவே?"

"இல்லடி."

அவள் அம்மாவை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாள்.

"வேண்டாம்டி, வாய் வெந்துடும். ரொம்பக் கரிக்குதா?"

"ரொம்ப," என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்துக் குடித்தாள்.